கட்டிலடியிற் கேட்ட குறட்டை

நாளேட்டின் முதற்பக்கம் ஆட்சியாளர்க்கு உரியது. கடைசிப் பக்கம் பந்தாடுவோர்க்கு உரியது. இவ்விரண்டுக்கும் இடையே, திருமண மண்டப விளம்பரத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில், நான்கு விரற்கடை அகலத்தில் ஒடுங்கிக் கிடக்கும் சிறு செய்திகளே நமக்கு உகந்தவை. ஸுப்ஹுத் தொழுகை முடிந்து, ஓதும் பிள்ளைகள் வந்து சேருமுன் கிடைக்கும் அரைமணி நேரத்தில் நம் கண்கள் முதலில் நாடுவது அவற்றைத்தான். எங்கோ ஒருவன் எதையோ திருடப் போய், தானே ஏமாந்து அகப்பட்டுக் கொண்டான் என்று ஒரு செய்தி இருந்துவிட்டால், அன்றைய தேநீருக்குச் சர்க்கரை வேண்டியதில்லை. நம் இல்லத்தரசியார்க்கு இது சற்றும் பிடிப்பதில்லை. "பாடம் சொல்லிக் கொடுக்கப் போறவங்க, காலங்காத்தாலே கள்வன் முகத்திலேயா முழிக்கிறது?" என்பார். சொல்லிவிட்டு, "சரி, என்னவாம்?" என்றும் கேட்பார்.

நாம் குடியிருக்கும் நங்கநல்லூர், பரங்கிமலைக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் அண்மையில் அமைந்த பகுதி. தலைக்குமேல் விமானம் தாழப் பறக்கையில் பேச்சை நிறுத்தி, அது கடந்தபின் விட்ட சொல்லிலிருந்து தொடரும் பழக்கம் இங்குள்ளோர் பலர்க்கும் உண்டு. பணி ஓய்வு பெற்றுக் குடியேறியோர் மிகுதி. அவர்தம் மக்கள் பலர் கடல் கடந்த நாடுகளில் இருக்கின்றனர். ஆகவே பூட்டும் தாழ்ப்பாளும் இங்கு அன்றாடப் பேச்சு. சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பெயரிட்டுத் தெருக்கள்தோறும் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்த ஊக்குவித்தபோது, எந்தக் கம்பத்தில் பொருத்துவது என்று நம் தெருவார் விவாதித்த நேரத்தில் ஒரு மாடி வீடே கட்டி முடித்திருக்கலாம். இவர்கள் மாலையில் கூடும் பூங்காத் திண்டில் நமக்கும் ஓர் இடம் உண்டு. "வாத்தியார் பாய், இன்னிக்கு என்ன திருட்டு?" என்பதே அங்கு நமக்குக் கிடைக்கும் வரவேற்பு.

கோகவரத்துத் திருடனை அவர்கள் இன்னும் மறந்தபாடில்லை. ஆந்திர மாநிலம் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். 2020 செப்டம்பரில், பெட்ரோல் பங்க் உரிமையாளர் ஒருவரின் வீட்டுக்குள் விடியற்காலத்தில் ஓர் இளைஞன் நுழைந்தான். உரிமையாளர் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தார். அறையில் குளிர்சாதனம் இதமாக ஓடிக்கொண்டிருந்தது. சற்றே கண்ணயர்ந்துவிட்டுப் பிறகு தொழிலைக் கவனிப்போம் என்று எண்ணினான் போலும். கட்டிலடியிற் படுத்தவன் அப்படியே உறங்கிப் போனான். பொழுது விடிந்து வீட்டுக்காரர் எழுந்தபோது, தாம் எழுந்த பின்னும் தம் கட்டிலிலிருந்து குறட்டை வருவதைக் கேட்டுத் திகைத்தார். பிறகென்ன, காவலர் வந்தனர்.

இதைக் கேட்டதும் மின்வாரியத்தில் பொறியாளராயிருந்த பெரியவர், "ஏ.சி. விக்கிறவன் இதையே விளம்பரமாப் போடலாமே!" என்றார். எல்லோரும் நகைத்தனர். ஆனால் எண்பதை நெருங்கும் மற்றொரு முதியவர் நகைக்கவில்லை. "ராத்திரி ரெண்டு மாத்திரை போட்டும் எனக்கு வராத தூக்கம், திருடப் போன இடத்திலே அவனுக்கு வந்திருக்கு, பாருங்கோ" என்று பெருமூச்செறிந்தார். பொறாமைப்படத் தக்க பொருள்களின் பட்டியலில் திருடனின் உறக்கத்தைச் சேர்த்தவர் அவர் ஒருவரே. 2024 ஜூனில் லக்னோ நகரிலும் இப்படியே ஒருவன், மருத்துவர் ஒருவரின் பூட்டிய வீட்டுக்குள் புகுந்து, குளிர்சாதனத்தை இயக்கி, தலைக்குத் தலையணையும் வைத்துக்கொண்டு படுத்தானாம். அவனைத் தட்டி எழுப்பியவர்கள் காவலர்கள். அச்செய்தியை மட்டும் அந்த முதியவரிடம் நாம் சொல்லவில்லை.

சிறு செய்திகளால் பாடமும் நடப்பதுண்டு. 2022 ஏப்ரலில், ஸ்ரீகாகுளம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எல்லம்மன் ஆலயச் சுவரில் சிறு துளையிட்டு உள்ளே நுழைந்த ஒருவன், நகைகளை எடுத்துக்கொண்டு அதே துளையால் திரும்பும்போது இடையில் சிக்கிக் கொண்டான். முன்னும் போகவியலாது, பின்னும் போகவியலாது. இறுதியில் அவனே கூக்குரலிட்டு ஊராரை உதவிக்கு அழைத்தான். நுழையும்போது கொண்ட துளை, வெளியேறும்போது கொள்ளவில்லை. பேராசை உடம்பைப் பருக்கச் செய்யுமோ என்னவோ, அது மருத்துவர்கள் ஆராய வேண்டியது.

இதனை ஹிதாயா வகுப்பில் ஒருமுறை சொல்லிவைத்தோம். களவு பற்றிய பாடத்தில் 'ஹிர்ஸ்' என்றொரு சொல் வரும். பொருள் காக்கப்படும் இடம் என்பது அதன் கருத்து. காப்பிடத்திலிருந்து பொருள் வெளியே கொண்டுவரப்பட்டாலன்றி, சட்டத்தின் கண்ணில் களவு நிறைவு பெறுவதில்லை. கன்னமிட்டு உள்ளே போனவன், உள்ளிருந்தபடியே வெளியில் நிற்கும் கூட்டாளியின் கையில் பொருளை நீட்டிவிட்டால், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பில் இருவருக்குமே கைவெட்டுத் தண்டனை இல்லை. உள்ளிருந்தவன் பொருளோடு வெளியேறவில்லை; வெளியிலிருந்தவன் காப்பிடத்தைக் குலைக்கவில்லை. (வேறு தண்டனை உண்டு, வாழ்த்தி அனுப்பிவிட மாட்டார்கள்.) ஐயத்தின் நிழல் பட்டாலும் பெருந்தண்டனையை விலக்கிவிட வேண்டும் என்னும் நெறியிலிருந்து பிறந்த நுணுக்கங்கள் இவை. பிள்ளைகளுக்கோ இவை வெறும் வாய்பாடாகவே தோன்றும்.

அன்று அப்படித் தோன்றவில்லை. "உஸ்தாத், இடுப்புக்கு மேலே வெளியே, கீழே உள்ளே. பொருள் வெளியேறிவிட்டதா, இல்லையா?" என்று ஒருவன் எழுந்தான். "கையிலே வெச்சிருந்தா வெளியே, மடியிலே கட்டியிருந்தா உள்ளே" என்றான் அடுத்தவன். பஸ் படிக்கட்டில் தொங்குபவனிடம் நடத்துநர் டிக்கெட் கேட்கிறாரே, ஆகையால் படியும் பஸ்ஸைச் சேர்ந்ததே. அதுபோலத் துளையும் சுவரைச் சேர்ந்ததே என்று மூன்றாமவன் கியாஸ் செய்தான். இன்னொருவன், அவன் கூவி அழைத்தது ஒப்புதல் வாக்குமூலம் ஆகுமா என்று ஒரு கிளைக் கேள்வியைத் தொடங்கினான். அன்று நூலில் ஒரு வரிகூட நகரவில்லை. ஆனால் ஹிர்ஸ் என்பதன் இலக்கணத்தை அவ்வகுப்பில் இன்றுவரை எவனும் மறக்கவில்லை.

மூடர் கதைகளில் ஈடுபடுவது கற்றோர்க்கு அழகா என்று கேட்போர், ஹிஜ்ரி 597இல் பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களைக் கேட்கட்டும். மக்களைக் கண்ணீர் சிந்த வைத்த அப்பெரும் உபதேசியார், மூடர்களையும் ஏமாளிகளையும் பற்றியே 'அக்பாருல் ஹம்கா வல் முகஃப்பலீன்' எனும் தனி நூல் யாத்தார். தனக்கு அளிக்கப்பட்ட அறிவின் அருமையை ஒருவன் உணர்தல், மடமைக்கு வித்தானவற்றிலிருந்து விலகி நிற்றல், சோர்ந்த உள்ளத்துக்குச் சற்றே இளைப்பாறுதல் என மூன்று காரணங்களையும் அதன் தொடக்கத்தில் கூறினார். அறிவாளிகளைப் பற்றி 'கிதாபுல் அத்கியா' என்று மற்றொரு நூலும் எழுதினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருடர்களின் சாதுரியங்களுக்கு அவர் இடம் கொடுத்தது அறிவாளிகளின் நூலில். பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்குத் தனி அத்தியாயம் கொடுத்ததோ, மூடர்களின் நூலில்! முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிவரும் நாம் அந்த அத்தியாயத்தை வகுப்பில் நடத்துவதில்லை. அவருக்கும் மூன்று நூற்றாண்டு முந்திய பஸராவின் ஜாஹிழ், திருடர்களைப் பற்றியே ஒரு நூல் செய்தார் என்பர். அது இன்று கிடைப்பதில்லை. யாரோ களவாடிவிட்டனர் போலும்.

மேல்நாட்டு அறிஞர்களும் இத்துறையில் உழைத்திருக்கின்றனர். 1995இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவர், முகத்தை மூடாமலே ஒரே நாளில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையிட்டார். பிடிபட்டபோது பெரிதும் வியந்தார். முகத்தில் எலுமிச்சைச் சாறு பூசியிருந்தாராம்! எலுமிச்சைச் சாற்றால் எழுதினால் எழுத்துத் தெரியாதல்லவா? அதைப் பூசினால் முகமும் கேமராவுக்குத் தெரியாது என்பது அவர் கொண்ட முடிபு. இச்செய்தியைக் கண்ட கார்னெல் பல்கலைக்கழக உளவியலார் டன்னிங், தம் மாணவர் குரூகருடன் ஆய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு துறையில் திறமை குன்றியோர்க்கு, தம் திறமைக் குறைவை அறியும் திறமையும் குன்றியிருக்கும் என்பது அதன் சாரம். உலகெங்கும் அது பேசப்பட்டது. நம் மதரஸாக்களில் மன்திக் எனும் தருக்கம் பயிலும் சிறுவன், அறியாமை இருவகைப்படும் என்று ஓதுகிறான். அறியாமை மட்டும் இருப்பது 'ஜஹ்லு பஸீத்'. அறியவில்லை என்பதையே அறியாதிருப்பது 'ஜஹ்லு முரக்கப்', அதாவது கூட்டறியாமை. கார்னெலுக்கு நம் பாராட்டு. எலுமிச்சைச் சாறு என்னும் எடுத்துக்காட்டு மட்டும் நம் நூல்களில் இல்லை என்பதையும் ஒப்புகிறோம்.

நம் தமிழும் களவைச் சாத்திரமாகவே கண்டது. மதுரைப் பொற்கொல்லன், காவலரிடம் கள்வரின் துணைகள் எட்டு என்று விரிக்கிறானே, சிலப்பதிகாரத்தில்! மந்திரமும் மருந்தும், இடமும் காலமும் அவற்றில் அடங்கும். அவ்வெட்டையும் நினைத்துக்கொண்டு ஹைதராபாதில் 2018 செப்டம்பரில் நடந்ததைப் பார்ப்போம். புரானி ஹவேலியிலுள்ள நிஜாம் அருங்காட்சியகத்தில், காற்றுப்போக்கியின் கம்பியை அகற்றிக் கயிற்றால் இறங்கிய இருவர், வைரமும் மாணிக்கமும் பதித்த மூன்றடுக்குத் தங்க டிபன் பெட்டியையும், தங்கக் கிண்ணம், தட்டு, கரண்டியையும் எடுத்துச் சென்றனர். கேமராவில் ஒருவன் கைப்பேசியில் பேசுவதாகத் தெரிந்தது. அதை நம்பிக் காவலர் கோபுரம் கோபுரமாக அலைபேசி எண்களை ஆராய்ந்தனர். பின்னர்தான் தெரிந்தது, அக்கைப்பேசியில் சிம் அட்டையே இல்லையென்பது. பேசுவது போல் நடித்திருக்கிறான். இத்துணைச் சாமர்த்தியம் படைத்தவர்கள் அப்பெட்டியை என்ன செய்தனர் தெரியுமா? விற்க வழியில்லை. ஆகவே அவர்களில் ஒருவன் அன்றாடம் அதில் உணவுண்டான் என்று காவல்துறையினர் கூறினர். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான், பெருஞ் செல்வராயிருந்தும் சிக்கனத்துக்குப் பேர்போனவர். அவர் அதில் உண்டாரோ இல்லையோ, இவன் உண்டான்.

அங்கேயே மற்றொன்றும் நடந்தது. பொன்னுறை போர்த்திய திருக்குர்ஆன் பிரதி ஒன்றையும் அவர்கள் எடுக்க முனைந்தனராம். அவ்வேளையில் அருகிலுள்ள பள்ளிவாசலிலிருந்து ஒலி எழவே, அஞ்சி அதனை விட்டுச் சென்றனர் என்று அந்நாளில் செய்தி வந்தது. வழிப்பறிக்காரராயிருந்த ஃபுழைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள், சுவரேறும் வேளையில் திருவசனம் ஒன்று காதில் விழ, அத்தொடு தொழிலை விட்டு இறைநேசரானதைக் கேட்டிருக்கிறோம். இவர்கள் பாதியளவில் ஃபுழைல் ஆயினர். குர்ஆனை விட்டனர், டிபன் பெட்டியை விடவில்லை.

எட்டுத் துணைகளில் காலம் கைவிட்டால் மற்ற ஏழும் வீண் என்பதற்குச் சேலம் ரயில் சான்று. 2016 ஆகஸ்டு 8ஆம் நாள் இரவு, சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு வந்த விரைவு வண்டியில், ரிசர்வ் வங்கிக்குரிய 342 கோடி ரூபாய்ப் பழைய நோட்டுகள் பெட்டி பெட்டியாக வந்தன. ஓடும் வண்டியின் கூரையைத் துளையிட்டு இறங்கியோர் 5.78 கோடியை அள்ளிச் சென்றனர். ஒருவரும் கண்டிலர். துப்புத் துலங்க இரண்டாண்டுக்கு மேலாயிற்று. 2018 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துக் கூட்டத்தார் சிலர் பிடிபட்டனர். களவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரியாக மூன்று மாதம் கழித்து நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அரசு அறிவித்துவிட்டது! வரிசையில் நின்று மாற்றிக்கொள்ள நமக்காவது வழியிருந்தது. அவர்கள் எந்த வரிசையில் நிற்பது? மிஞ்சிய நோட்டுகளை எரித்தனர் என்று பின்னர்ச் செய்தி வந்தது. நங்கநல்லூர்த் திண்டில் இதைச் சொன்னபோது, அந்நாள்களில் வங்கி வாசலில் வெயிலில் நின்று மயங்கி விழுந்த ஓய்வூதியர் ஒருவர், நெடுநேரம் சிரித்தார்.

சிரிப்பு ஓரிடத்தில் தயங்கவும் செய்யும். 2020 ஜூலையில் பண்ருட்டியில், பாரத ஸ்டேட் வங்கியின் போலிக் கிளை ஒன்றே கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வூரில் வங்கிக்கு இரண்டு கிளைகளே உண்டு. மூன்றாவது இருப்பதை வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் வங்கி அலுவலர் அறிந்தார். போய்ப் பார்த்தால், கணினி, செலான், முத்திரை எல்லாம் அசல் கிளை போலவே! அதை நிறுவியவன் 19 வயது இளைஞன். அச்சகத்தார் ஒருவரும் முத்திரை செய்து கொடுத்தவர் ஒருவரும் உடன் கைதாயினர். பணம் இழந்ததாக அப்போது ஒருவரும் முறையிடவில்லை. திண்டில் ஒருவர், "அங்கேயாவது 'சர்வர் இல்லை, நாளைக்கு வா'ன்னு சொல்லாம இருந்திருப்பான்" என்றார். நாமும் நகைத்தோம். ஆயினும் அவ்விளைஞனின் தாயும் தந்தையும் வங்கிப் பணியாளர்களாயிருந்தவர்கள் என்று அச்செய்தியிலேயே ஒரு வரி இருந்தது. சொந்தமாக வங்கி தொடங்கும் ஆசையால் செய்ததாகக் காவலரிடம் அவன் சொன்னானாம். அந்த வரிகளுக்குப் பின் செய்தித்தாளை மடித்து வைக்கத் தோன்றிற்று. பிள்ளைகள் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பதில்லையா?

மன்னிப்புக் கடிதங்களும் அப்படியே. 2024 பிப்ரவரியில் உசிலம்பட்டியில் திரைப்பட இயக்குநர் மணிகண்டன் அவர்களின் வீட்டிற் களவு போயிற்று. பணமும் நகையும் போயின. 'கடைசி விவசாயி' படத்துக்குக் கிடைத்த தேசிய விருதுப் பதக்கங்களும் போயின. சில நாளில் பதக்கங்கள் மட்டும் ஒரு பையில் வாசலில் தொங்கின, உங்கள் உழைப்பு உங்களுக்கே என்னும் கருத்துள்ள ஒரு துண்டுச் சீட்டோடு. அதே ஆண்டில் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்தில், சென்னையிலிருக்கும் மகனைக் காணச் சென்றிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டில் 60,000 ரூபாயும் ஒன்றரைப் பவுன் நகையும் எடுத்தவன், ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகவும், வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் இல்லை என்றும் எழுதி வைத்துப் போனான். தவணைத் தேதி குறித்துத் திருடிய முதல் திருடன் இவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நாடே சிரித்தது. அக்கடிதம் பொய்யாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தால்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நீதி இங்கே நினைவுக்கு வருகிறது. ஹாத்திப் (ரலி) அவர்களின் அடிமைகள் சிலர் ஒருவரது ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டனர். முதலில் தண்டனைக்கு ஆணையிட்ட கலீஃபா அவர்கள், அவ்வடிமைகள் பசியில் விடப்பட்டிருந்ததைக் கருதி அதனை நிறுத்தினார்கள். எசமானரை அழைத்து, நானூறு திர்ஹம் பெறுமான ஒட்டகத்துக்கு எண்ணூறு திர்ஹம் கட்ட வைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ள செய்தி இது. ஒட்டகத்தைத் தின்ற கதையில் நகைப்பதற்கும் இடம் இருந்திருக்கும். அத்தனை பெரிய உயிரை எங்கே ஒளிப்பது? அன்னார் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளலாகாது, எள்ளப்படுவோர் மேலானவராயிருத்தல் கூடும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதையும் நாம் ஓதிக்கொண்டுதான் இருக்கிறோம். கைதாகும் ஒவ்வொருவனும் குற்றவாளி என்பதும் இல்லை. எட்டுத் துணைகளைப் பற்றி அத்துணை அழகாகப் பேசிய பொற்கொல்லன்தானே சிலம்பைத் திருடியவன்? அவன் பேச்சில் மயங்கியதால் வெட்டுண்டவன் கோவலன் அல்லவா?

இவ்வளவும் எழுதத் தூண்டியது ஒரு சைக்கிள். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவனின் தமையன், பதினெட்டு வயதுப் பிள்ளை, அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற சைக்கிளை எடுத்துச் சென்றான். வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் 'சொந்த வண்டி' வேண்டும் என்று சொன்னார்களாம்! போகும் வழியில் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் ஒட்ட நேரே கடைக்குத் தள்ளிப் போனான். டியூபை வெளியே இழுத்த கடைக்காரர், அதில் முந்தின வாரம் தாமே ஒட்டிய ஒட்டைக் கண்டுகொண்டார். தம் கைவேலையை எந்தத் தொழிலாளிதான் அறியமாட்டான்? ஒன்றும் சொல்லாமல் பஞ்சரை ஒட்டினார். செயினுக்கு எண்ணெயும் விட்டார். பையனை உட்கார வைத்துத் தேநீரும் வாங்கிக் கொடுத்து, உரியவருக்கு ஆள் அனுப்பினார்.

வட்டார வார ஏடொன்றில் இது எட்டு வரிச் செய்தியாக வந்தது, நகைச்சுவையான தலைப்போடு. பெயர் இல்லை, தெருவின் பெயர் இருந்தது. அது போதுமே! திண்டில் அன்று பெருஞ்சிரிப்பு. இரண்டு நாள் கழித்துப் பையனின் தாயார் நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்று நம் இல்லத்தரசியாரிடம், "அந்தச் சேதியை ஹஜ்ரத்தும் படிச்சாகளா?" என்று மட்டும் கேட்டார். "அவங்க அந்தப் பத்திரிகையெல்லாம் தொடுறதே இல்லை, தாயி" என்று சற்றும் தயங்காமல் சொன்னார் நம்மவர். அடுக்களை மேடையில் அந்த ஏடு விரித்தபடி கிடந்தது. பொய்யை அறவே வெறுப்பவர் அவர். அதைப்பற்றி இன்றுவரை நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சைக்கிளின் உரிமையாளர் ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். காவல் நிலையத்துக்குப் போய், வண்டி கிடைத்துவிட்டது, மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். திண்டில் நம்மைக் கண்டபோது, "இத்தனை நாளாக் கீச்சு கீச்சுன்னு கத்திண்டிருந்த வண்டி, இப்போ சத்தமே இல்லை, பாய்" என்றார். ஆனால் கடைக்காரர்க்கு மட்டும் ஒட்டுக்கூலி இன்னும் வரவில்லை. வேலை சொன்னவன் பையன், பயனடைந்தவர் உரியவர். யாரிடம் கேட்பது என்று நம்மைக் காணும்போதெல்லாம் வினவுகிறார். இதனையும் வகுப்பில் வைத்தோம். சொல்லி ஒப்படைத்தவனே கூலிக்குப் பொறுப்பு என்று ஒரு சாரார் வாதிட்டனர். பிறர் பொருளில் உரியவரின் இசைவின்றிச் செய்த வேலைக்கு உரியவர் கடன்படார். திருடனும் அதற்கு விலை கேட்க இயலாது. ஆகவே கடைக்காரர் அதை ஸதகாவாகக் கருதட்டும் என்று மற்றொரு சாரார். பையனின் தம்பியும் அவ்வகுப்பில் இருந்தான். எல்லோரும் பேசி ஓய்ந்தபின் அவன் எழுந்து, "இருபது ரூபாய்தானே உஸ்தாத், நான் கொடுத்துட்டேன்" என்றான். கடைக்காரர் இல்லை என்கிறார்.